மஞ்சள் ஒன்று, மஞ்சள் இரண்டு

பாளையங்கோட்டையில் பகல் ஒன்றரை.
வேம்பு தன் நிழலைச் சுருட்டிக்
காலடியில் போட்டுக்கொண்ட நேரம்.
இருட்டறை வாசலுக்குக் கறுப்புத் துணி,
துணியில் இரண்டு ஓட்டை.
ஒன்றை ஊக்கு குத்தி அடைத்திருக்கிறேன்.
மற்றதன் வழியே காசளவு வெயில் வந்து
என் நாற்காலிக்கு அருகே தரையில் விழும்.
அதை அடைக்க வேண்டுமென்று
நாலு வருஷமாக நினைக்கிறேன்.

பாதரச விளக்கு சூடேறப் பொறுமை வேண்டும்.
முதலில் ஊதாவாகச் சிணுங்கும்.
பிறகு நீலமும் பச்சையுமாக எழுந்து
எல்லா முகத்தையும்
ஒரே காய்ச்சலில் படுக்கவைக்கும்.
சிவப்பு அதனிடம் இல்லை என்றே சொல்லலாம்.

மூன்றாம் மேஜையில் பூதத்தான், மாசானமுத்து.
அகர வரிசை சேர்த்துவைத்த ஜோடி.
ஆறு வாரமாகப் பேச்சில்லை.
ஒருவன் குனிந்து பார்ப்பான், விலகுவான்,
கண்ணாடித் துண்டைத் துடைத்துவிட்டு
மற்றவன் குனிவான்.
மணிக்கட்டில் ஆளுக்கொரு கயிறு.
என்ன நிறமென்று எழுதமாட்டேன்.
இந்த மாவட்டத்தில் அதைப் படிக்கத் தெரியாதவர்கள்
கைக்குழந்தைகளும் வெளியூர்க்காரர்களும்தான்.
இரண்டிலும் ஓர் இழை சிவப்பு உண்டு.
விளக்கின் கீழ் இரண்டு இழையும் கறுத்துக் கிடந்தன.

தொலைநோக்கியில் இரண்டு மஞ்சள் கோடு.
நடுவே நாலு நிமிஷக் கோணம்,
தலைமயிர் ஒன்றை நிறுத்தலாம்.
ஒன்று முறைப்படி வந்தது:
எதிரெதிராகச் சுழலும் இணையிலிருந்து
அதே போன்ற இணைக்கு.
மற்றது வரக்கூடாதது.
ஒரே பக்கம் சுழலும் கூட்டத்திலிருந்து இறங்கி
இந்தக் கூட்டத்தின் படியில் கால் வைக்கிறது.
சுழற்சி மாறக்கூடாது என்பது பாடம்.
ஒளிக்குச் சுழற்சியைத் திருப்பும் கை கிடையாது.

ஹீலியம் அந்த விதியைக் காப்பாற்றும்.
அதன் இரு கூட்டமும் கலப்பது அவ்வளவு அரிது,
இரண்டு வாயு என்றே
ஒரு காலம் நம்பியது.
பாதரசம் வேறு.
நடுவில் எண்பது புரோட்டான்.
அந்தப் பாரத்தின் அருகே ஓடும் எலெக்ட்ரானுக்குத்
தன் பாதை எது, தன் சுழற்சி எது என்று
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
யாரும் எதையும் மீறவில்லை.
நாம் ஒட்டிய பெயர்ச்சீட்டு
அந்த எடைக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இதை அவர்களிடம் சொல்லலாமா என்று
வாயெடுத்தேன்.
கரண்ட் போய்விட்டது.

வந்த பிறகும் விளக்கு பற்றாது.
சூடாக இருக்கும்வரை மறுக்கும். ஆற வேண்டும்.
விசிறி மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றத் தொடங்க,
இருட்டில் யாரோ:

“ஏல, வெர்னியர் எங்க நின்னுச்சு?”
“பூட்டு திருகல. கை பட்டிருச்சு.”
“யார் கை?”

பதில் இல்லை.
பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு.
யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.
பத்து நிமிஷத்தில்
வண்ணாரப்பேட்டைப் பாலத்து நெரிசல் பற்றி,
தவறிய முக்கூடல் பஸ் பற்றி,
பரீட்சைக் கட்டணம் பற்றி.
பெரிதாக ஒன்றுமில்லை.
மறுபடி ஊதா சிணுங்கியது.

“நீ வாசி. நான் எழுதுதேன்.”

பத்தொன்பது டிகிரி ஐம்பத்தாறு.
இருபது டிகிரி, சுத்தமாக.
ரெக்கார்டில் மஞ்சள் ஒன்று, மஞ்சள் இரண்டு,
ஒரே கையெழுத்து.
எது வரக்கூடாதது என்று
அந்த அட்டவணையில் கட்டமில்லை.
சிவப்பு மையில் சரி போட்டேன்.
கறுப்பாகத்தான் விழுந்தது.

நோட்டை வாங்க நீண்ட கை
தரையை நோக்கிச் சாய்ந்த அந்த வெயில் இழையைக் கடந்தது.
ஒரு கணம்
கயிறு பளீரெனச் சிவந்தது.
கைக்குரியவனும் பார்த்தான்,
பின்னால் நின்றவனும் பார்த்தான்.

வெளியே போக நேரமாகிவிட்டது.
துணியை விலக்க எழுந்தேன்.

“மேடம், மஞ்சள் ஒன்ன மட்டும்
இன்னொருக்க பாத்துக்கிடுதோம்”
என்றான் ஒருவன்.